டிஸ்கெட்டில் உறங்கும் பெயர்கள்



உங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழேயோ துணி அலமாரியின் அடித்தட்டிலோ பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தால், கொஞ்சம் திறந்து பாருங்கள். ஊசி நூல், தாத்தாவின் சிவப்பு அடையாளக் கார்டு, கல்யாணப் பத்திரிகை, மங்கிப்போன நிழற்படம் ஆகியவற்றோடு, உள்ளங்கை அகலத்தில் சதுரமான கறுப்புத் தகடு ஒன்றும் கிடக்கக்கூடும். டிஸ்கெட் என்று சொல்வோமே, அதுதான். இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால், "கம்ப்யூட்டரில் சேவ் செய்கிற பொத்தானில் இருக்கிற படம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்! அந்தப் படம் நிலைத்துவிட்டது, சாமான் மறைந்துவிட்டது.

அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை. நான் சாலாக் செலாத்தானில் குடியிருந்துகொண்டு, பழுதான கணினிகளைச் சரிசெய்து பிழைப்பவன். பால்மரம் வெட்டிய தாய் தகப்பனுக்குப் பிறந்தவன். எழுத்தாளன் அல்ல. ஆகவே கண்டதையும் செய்ததையும் அப்படியே சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையோடு படியுங்கள். உங்கள் தோட்டத்துக்கும் இது ஒரு நாள் தேவைப்படலாம்.

வாத்தியார் எழுதிவைத்த பட்டியல்

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டம். அதன் பெயர் இங்கே வேண்டாம். நம்மவர்கள் நான்கு தலைமுறை உழைத்த மண். லயங்கள் போய், ஆலை போய், தமிழ்ப் பள்ளியும் வேறிடம் போனபின், கடைசியில் மிஞ்சியது மயானம் ஒன்றுதான். நிலம் கைமாறியது. மயானத்தை வேறு இடத்துக்கு மாற்றப்போவதாகவும், உரியவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து தங்கள் உறவினரின் சமாதியை அடையாளம் காட்ட வேண்டுமென்றும் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

அடையாளம் காட்டுவது அவ்வளவு சுலபமா? நம் தோட்டத்து மயானங்கள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சிமெண்டு கட்டியவர்கள் சிலர். பலருக்கு ஒரு மண்மேடும், பெயிண்டால் பெயர் எழுதிய பலகையும்தான். இரண்டு மழைக்காலத்தில் பெயர் போகும், நான்காவதில் பலகையும் போகும். தீபாவளிக்கு முன் வந்து புல் வெட்டி விளக்கேற்றுகிறவரை, 'நாவல் மரத்துக்கு இந்தப் பக்கம் மூன்றாவது மேடு' என்று நெஞ்சில் வைத்திருப்போம். அந்த நாவல் மரத்தையும் வெட்டிவிட்டால்?

அந்தத் தோட்டத்துப் பள்ளியில் முப்பது ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்றபின், 1996இல், மயானத்தில் வரிசை வரிசையாக நடந்து, கிழவர் கிழவிகளைக் கேட்டு, எந்த மேட்டில் யார் என்று ஒரு பட்டியல் எழுதினார். பிரிக்பீல்ட்ஸில் அச்சகம் வைத்திருந்த நண்பரின் கணினியில் உட்கார்ந்து, அதைத் தமிழில் தட்டச்சும் செய்துவிட்டார். கோயில் மலரில் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மலர் வெளிவரவில்லை. வாத்தியாரும் காலமாகிவிட்டார். அவர் மகள் ஏழு டிஸ்கெட்டுகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது, அறிவிப்பில் கண்ட கெடுவுக்கு ஐந்து வாரமே பாக்கி.

"தம்பி, அப்பா எழுதின தாளைக் கரையான் தின்னுடுச்சு. இதுல இருக்குன்னு அம்மா சொல்லுவாங்க. இதைத் திறக்க முடியுமா?" என்றார் அந்த அக்கா.

முதலில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

இனி நான் சொல்வதைத் தொழில் இரகசியம் என்று எண்ண வேண்டாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

டிஸ்கெட் கையில் கிடைத்ததும் உடனே கணினியில் செருகிவிடக் கூடாது. அதன் இரும்பு மூடியை விரலால் மெல்லத் தள்ளி, உள்ளே இருக்கும் கறுப்புப் படலத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் நாட்டுப் புழுக்கத்தில் அதன்மேல் பூஞ்சணம் பூக்கும். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதைத் தனியே ஒதுக்குங்கள். பூஞ்சணம் பிடித்ததைச் செருகினால் படிக்கிற ஊசிமுனையில் அது ஒட்டிக்கொண்டு, அடுத்துச் செருகும் நல்ல டிஸ்கெட்டையும் கீறிவிடும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பது இதற்கும் பொருந்தும். ஏழில் ஒன்று அப்படி இருந்தது. அதைச் சுத்தம் செய்வதைக் கடைசி வேலையாக ஒத்திவைத்தேன்.

அடுத்து, டிஸ்கெட்டின் மூலையில் சிறு துவாரமும் அதை மூடித் திறக்கும் தகடும் இருக்கும். துவாரம் திறந்திருந்தால் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. ஆகவே முதலில் துவாரத்தைத் திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு நாமே கைதவறி எதையாவது அழுத்தினாலும் உள்ளே இருப்பது அழியாது.

இனி, படிக்கும் கருவி வேண்டும். 1998இல் ஐமேக் கணினி டிஸ்கெட் வாய் இல்லாமலே வந்தது. மற்றவையும் மெல்ல மெல்ல அந்த வாயை மூடின. ஜப்பானில் சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் டிஸ்கெட் விற்பதையே நிறுத்திக்கொண்டது. ஆனாலும், யுஎஸ்பி வயரில் மாட்டுகிற வெளிக்கருவி இன்னும் கிடைக்கிறது. மூன்றரை அங்குல டிஸ்கெட்டுக்கு அது போதும். அதற்கும் முந்திய ஐந்தேகால் அங்குலத் தகட்டை அதில் படிக்க முடியாது.

வாத்தியாரின் நான்கு டிஸ்கெட்டுகளைக் கணினி ஏற்றுக்கொண்டது. மற்ற இரண்டைச் செருகியதும், 'இது பார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா?' என்று கேட்டது.

வாசகர்களே, இந்தக் கேள்விதான் எமன்! 'சரி' என்று அழுத்திய எத்தனையோ பேர் கையிலிருந்த செல்வத்தைத் தாங்களே அழித்திருக்கிறார்கள். டிஸ்கெட் காலி என்பது அந்தக் கேள்விக்குப் பொருள் அல்ல. 'இது எனக்குத் தெரிந்த ஒழுங்கில் எழுதப்படவில்லை' என்றுதான் பொருள். விண்டோஸ் ஒருவிதமாக எழுதும், ஆப்பிள் மெக்கிண்டாஷ் வேறுவிதமாக எழுதும். மெக்கிண்டாஷின் எழுத்தை விண்டோஸ் தானாகப் படிக்காது. அந்த இரண்டும் மெக்கிண்டாஷ் கணினியில் எழுதப்பட்டவை. அந்த நாளில் அச்சகங்களில் அதுதான் பெரிதும் இருந்தது. இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். 2019க்குப் பிந்திய மெக்கிண்டாஷ் கணினிகளே தங்கள் பாட்டன் காலத்து டிஸ்கெட்டைப் படிப்பதில்லை. லினக்ஸ் என்ற இலவச இயக்க முறைதான் எனக்குக் கைகொடுத்தது. நல்ல வேளையாக இரண்டும் 1.44 மெகாபைட் டிஸ்கெட்டுகள். அதற்கும் பழைய 800 கிலோபைட் மெக்கிண்டாஷ் டிஸ்கெட்டுகளை யுஎஸ்பி கருவி படிக்காது, பழைய மெக்கிண்டாஷையே தேடிப் பிடிக்க வேண்டும்.

டிஸ்கெட்டிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாக இழுக்காமல், முழு டிஸ்கெட்டையும் அப்படியே அச்செடுப்பதுபோல் ஒரே பிம்பமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு டிஸ்கெட்டில் 2880 கட்டங்கள் உண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் 512 எழுத்து. முதலில் வழுக்கிக்கொண்டு வரும் கட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கிற கட்டங்களைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவசச் செயலிகள் லினக்ஸில் உண்டு. இரவு போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்க்கையில், 'மயானம்' என்று வாத்தியார் பேனாவால் எழுதி ஒட்டியிருந்த டிஸ்கெட்டில் 2871 கட்டங்கள் வந்திருந்தன. ஒன்பது மட்டும் வரவில்லை.

பழைய கணினியின் வேஷம்

கோப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வாத்தியார் பட்டியலை எழுதியது பேஜ்மேக்கர் என்ற அச்சக மென்பொருளில், அதுவும் 1993இல் வந்த ஐந்தாம் பதிப்பில். இன்றைய கணினியில் அந்த மென்பொருளே ஓடாது. அது பதினாறு பிட் காலத்துச் சரக்கு. இன்றைய அறுபத்து நான்கு பிட் விண்டோஸ் அதை வாசற்படியிலேயே நிறுத்திவிடும்.

அப்படியானால் 1996ஆம் ஆண்டுக் கணினியைத் தேடி அலைய வேண்டுமா? வேண்டாம். எமுலேட்டர் என்றும் மெய்நிகர் கணினி என்றும் சொல்லப்படும் ஏற்பாடு இருக்கிறது. நம் தோட்டத்துத் திருவிழாவில் கூத்துக் கட்டுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் மீசையோடு பால் வாளி சுமந்தவர், இரவில் திரௌபதி வேஷம் கட்டி மேடைக்கு வந்தால், அவர் முகத்தையா பார்க்கிறோம்? துகில் உரியும்போது நாமும் சேர்ந்தல்லவா அழுகிறோம்! அதுபோல, புதிய கணினி தன்னைப் பழைய கணினி என்று வேஷம் கட்டிக்கொள்கிறது. அதற்குள் ஓடும் பழைய மென்பொருளுக்குத் தான் 1996இல்தான் இருக்கிறோம் என்ற நினைப்பு. டாஸ்பாக்ஸ், வர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. பழைய மெக்கிண்டாஷுக்குப் பசிலிஸ்க் என்று ஒன்று உண்டு.

வர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 98ஐ ஏற்றினேன். திரை பதினாறே நிறத்தில், பழைய சினிமா விளம்பரம் மாதிரி பல்லிளித்தது. இதற்குப் பயப்பட வேண்டாம். திரைக்கு உரிய துணைமென்பொருள் இல்லாததால் வருகிற குறை அது. பட்டியல் படிக்கப் பதினாறு நிறம் தாராளம். பேஜ்மேக்கரின் பழைய தட்டு, பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்து அண்ணனிடமே பத்திரமாக இருந்தது. கோப்பைத் திறந்தேன். திறக்க மறுத்துவிட்டது. வராமற்போன ஒன்பது கட்டங்களில் அதன் உயிர்நாடி சிக்கிக்கொண்டது போலும்.

வாத்தியார் மெத்தப் படித்தவர் மட்டுமல்ல, முன்யோசனைக்காரர். ஐந்தாவது டிஸ்கெட்டில் அதே பட்டியலின் ஒரு மாதம் முந்திய பிரதி இருந்தது. அது திறந்துகொண்டது. 203 பெயர்கள். பிறகு, பழுதான கோப்பைப் பேஜ்மேக்கர் இல்லாமலே, உள்ளிருக்கும் எண்களை அப்படியே காட்டும் செயலியில் திறந்து, வரிவரியாகத் துழாவினேன். கடைசி மாதத்தில் அவர் சேர்த்த 11 பெயர்கள் சிதறிக் கிடந்தன. பொறுக்கி எடுத்தேன். ஆக மொத்தம் 214.

மெக்கிண்டாஷ் டிஸ்கெட்டில் இருந்தது மயானத்தின் வரைபடம். அச்சகத்து அண்ணன் அந்த நாளில் வரைந்துகொடுத்தது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளுக்குப் பழைய மெக்கிண்டாஷ் கோப்புகள் பலவற்றைத் திறக்கும் வித்தை தெரியும். கோடும் கட்டமும் ஒழுங்காக வந்தன. வரிசை எண்ணும் மேட்டு எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. எழுத்துதான் தமிழாக இல்லை.

தமிழ் எங்கே போயிற்று?

பட்டியலும் அப்படித்தான். திரை நிறைய ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் கெட்டுப்போச்சா தம்பி?" என்றார்.

கெடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கணினிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும். நம் தோட்டத்துச் செக்ரோலை எண்ணிப் பாருங்கள். இந்தத் தோட்டத்தில் 107ஆம் நம்பர் என்றால் மாரியம்மா. பக்கத்துத் தோட்டத்துப் பெரட்டில் 107 என்று கூப்பிட்டால் முனியாண்டி வந்து நிற்பார். நம்பர் ஒன்றுதான், ஆனால் எந்தத் தோட்டத்துச் செக்ரோல் என்று தெரியாவிட்டால் ஆள் மாறிப்போகும். அந்த நாளைய தமிழ் எழுத்துருக்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 107 என்பது 'கே'. பாமினி என்ற எழுத்துருவில் அதே 107 'ம'. ஆங்கிலத்தில் 109 'எம்', பாமினியில் அது 'அ'. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கிலச் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அந்நாளில் இப்படிப்பட்ட செக்ரோல்கள் ஒன்றா இரண்டா? நம் மலேசியாவிலேயே முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனைத் தந்தார். இலங்கைத் தமிழரிடையே பாமினி பெரிதும் புழங்கியது. இணையத்தில் பலரும் கூடித் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. அத்தனை பேரும் தமிழுக்கு உழைத்தவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நம் மொழி கணினிக்குள்ளேயே நுழைந்திராது. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அவர் எழுத்துருவும் வேண்டியிருந்தது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்திலும் இந்தப் பேச்சு ஓயவில்லை.

இதற்குத் தீர்வாக வந்தது யூனிகோட். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 'அ'வுக்கு எண் 2949, 'ம'வுக்கு 2990. எந்த நாட்டில், எந்தக் கணினியில், எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் அந்த எண் மாறாது. செக்ரோல் நம்பர் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அடையாளக் கார்டு எண் பெர்லிசுக்குப் போனாலும் ஜொகூருக்குப் போனாலும் மாறுமா? அதுதான் வித்தியாசம். விண்டோஸ் 2000 முதல் விண்டோஸ் கணினிகள் இந்த முறையில் தமிழைக் காட்டத் தொடங்கின. தமிழக அரசும் 2010இல் இதை ஏற்றுக்கொண்டது. இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற தமிழெல்லாம் இதுதான்.

வாத்தியாரின் மூன்றாவது டிஸ்கெட்டில் அந்த எழுத்துருவும் இருந்தது. அதை வேஷக் கணினியில் ஏற்றியதும் திரை முழுக்கத் தமிழ். முதல் வரிசை, முதல் மேடு, பெயர், தகப்பன் பெயர், எந்த லயம், எந்த ஆண்டு. பார்த்த அக்கா திரைக்கு முன்னால் கைகூப்பிவிட்டார்.

ஒரு கொம்பு செய்த வம்பு

ஆனால் அந்தப் பட்டியல் என் ஒரு கணினிக்குள் இருந்து என்ன பயன்? பூச்சோங்கிலும் ஷா ஆலாமிலும் காப்பாரிலும் சிதறிக் கிடக்கிற குடும்பங்களின் கைக்குப் போக வேண்டும். அதற்கு யூனிகோடாக மாற்ற வேண்டும். மாற்றித் தருகிற இலவசச் செயலிகள் பல உண்டு. அவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு மூன்று உதாரணம் சொல்கிறேன்.

பழைய எழுத்துருக்களில், கையால் எழுதுகிற மாதிரியே, கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பின்னால் தட்டுவார்கள். யூனிகோடில் எழுத்து முன்னே, கொம்பு பின்னே. இந்த இடமாற்றத்தைச் செய்யாத செயலி, 'கருப்பையா' என்ற பெயரைக் 'கருப்ைபயா' என்று துப்பும். இது கண்ணுக்குத் தெரிகிற தவறு. திருத்திவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தவறுதான் ஆபத்து. பழைய தட்டச்சில் காலுக்கும் 'ர்' எழுத்துக்கும் ஒரே விசை. 'பார்வதி' என்று அடிக்கக் காலை இரண்டு முறை தட்டிப் புள்ளி வைப்பார்கள். கவனமில்லாத செயலி அதைப் 'பாா்வதி' என்று இரண்டு காலோடு மாற்றிவிடும். படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கைப்பேசியில் 'பார்வதி' என்று தேடினால், 'அப்படி ஒருவரும் இல்லை' என்று பதில் வரும்.

மூன்றாவது, 'கௌரி'. பழைய தட்டச்சில் கொம்பு, க, ள என்று மூன்றாகத் தட்டியதால், மாற்றியபோது 'கெளரி' ஆகிவிட்டது. காப்பாரிலிருந்து ஒருவர் தம் தாயாரின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா பேர் இதுல இல்லீங்க" என்று போனில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நாங்கள் பட்டியலை வரிவரியாகக் கண்ணால் பார்த்தோம். ஆறாம் வரிசை, நான்காம் மேடு. இருந்தார் அந்த அம்மாள். மகன் தேடிய எழுத்து வேறு, பட்டியலில் நின்ற எழுத்து வேறு. இயந்திரத்துக்கு அம்மாவும் தெரியாது, மகனும் தெரியாது. அதனால்தான், மாற்றியபின் தமிழ் தெரிந்த ஒருவர் பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக ஒத்துப்பார்க்க வேண்டும் என்கிறேன். எங்களுக்கு மூன்று இரவு பிடித்தது.

மூன்றாம் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, பட்டியலையும் வரைபடத்தையும் பெரிய தாளில் அச்சிட்டு மயானத்துக்கு எடுத்துப் போனோம். வரிசையாகக் குச்சி நட்டு எண் எழுதினோம். சிமெண்டுச் சமாதிகளில் இருந்த பெயர்களோடு பட்டியல் ஒத்துப்போனது. அதை வைத்து, இடையில் இருந்த பெயரற்ற மேடுகளுக்கும் பெயர் கிடைத்தது. எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பட்டியலில் ஓர் இடத்தில் பெயர் இல்லை. 'ஆண் குழந்தை, ஐந்தாம் லயம், 1958' என்று மட்டும் இருந்தது. அதைப் படித்துக்காட்டினோம்.

"பேர் வைக்கறதுக்குள்ள போயிட்டான். வாத்தியார் கேட்டப்ப நான்தான் சொன்னேன். அவரு எழுதினாரா!" என்றார் பாட்டி.

வேறு ஒன்றும் பேசவில்லை. அந்தக் குச்சியின் அடியில் உட்கார்ந்து, மேட்டின்மேல் கிடந்த சருகுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

கெடு முடியுமுன் பட்டியல் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லா மேட்டுக்கும் வாரிசு வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வாராதவர்களின் பெயரும் எண்ணும் தாளில் இருக்கின்றன. என்றைக்காவது ஒரு பேரப்பிள்ளை தேடி வந்தால் சொல்லுவதற்குப் பதில் உண்டு.

பெரிய நாட்டுக்கும் இதே கதி

நாம் ஏழைகள், நமக்கு வசதி இல்லை, அதனால்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் மன்னன் வில்லியம் 1086இல் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, தோல் ஏட்டில் ஒரு பெரும் பதிவேடு எழுதுவித்தான். அதன் 900ஆம் ஆண்டு நிறைவாக, 1986இல் பிபிசி நிறுவனம் ஒரு புதிய பதிவேடு தயாரித்தது. பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் தங்கள் ஊர்க் கதையை எழுதி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் லேசர் தட்டில் பதிந்தார்கள். பதினைந்தே ஆண்டில் அந்தத் தட்டைப் படிக்கும் கருவி அருகிவிட்டது. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான் சொன்ன அதே வேஷக் கணினி முறையில்தான் அதைத் திறந்துகாட்டினார்கள். தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டு ஏடோ இன்றும் கண்ணால் படிக்கிறபடி இருக்கிறது! ஒன்பது நூற்றாண்டு மூத்தது பிழைத்தது, இளையது படுக்கையில் விழுந்தது.

ஆகவே, வாசகர்களே, நான் உங்களை வேண்டிக்கொள்வது சில காரியங்கள்தான்.

உங்கள் தோட்டத்துக் கோயில் கணக்கு, பள்ளி மலர், சங்கக் கூட்டக் குறிப்பு, லயத்துப் பெயர்ப் பட்டியல் என்று பழைய டிஸ்கெட்டிலோ தட்டிலோ எது இருந்தாலும், இந்த ஆண்டே வெளியே எடுங்கள். ஆண்டு ஏற ஏறக் கட்டங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே இருக்கும். 'பார்மட் செய்யட்டுமா' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். மூலத்தில் கைவைக்காமல் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். எழுத்துருக் கோப்பு கூடவே இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள், சாவியை எறிந்துவிட்டுப் பூட்டை வைத்திருந்து பயனில்லை. மீட்டதை யூனிகோடாக்கி, மூன்று பிரதி வையுங்கள்: ஒன்று பெண்டிரைவில், ஒன்று வேறொருவர் வீட்டில், ஒன்று இணையத்தில். அத்தோடு நல்ல தாளில் ஒரு தடவை அச்சிட்டும் வையுங்கள். மின்சாரம் இல்லாமல் படிக்கக் கூடியது தாள் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. டிஸ்கெட்டே இல்லாத தோட்டங்கள் எத்தனையோ. அங்கே பட்டியல் கிழவர் கிழவிகளின் நினைவில்தான் இருக்கிறது. அதைத் திறக்க எந்த எமுலேட்டரும் கிடையாது. உங்கள் மகனையோ மகளையோ கைப்பேசியோடு அவர்கள் அருகில் உட்காரவையுங்கள். யார் எந்த லயத்தில் இருந்தார்கள், எந்த மேட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டு, தமிழிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கூலிப் புத்தகத்தில் நம்பராக மட்டும் இருந்தவர்களை, பெயரோடு நிறுத்திவைப்பது பிள்ளைகளாகிய நம் கடமை அல்லவா?